இஸ்ரேலில், ரெகோவோத்தில் இருக்கும் மகனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் யூத ஆய்வகத் தோழன் வீட்டில் ஓய்வுநாள் விளக்கேற்றியதையும், அவன் அப்பா பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததையும் அம்மா வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நீ, "நமக்கு ஒரே வேதம்தானே, உங்கள் தீர்க்கதரிசிகள் சொன்ன மேசியாவாகிய இயேசுவை நீங்களே ஏன் ஏற்கவில்லை" என்று கேட்டதும், மேசையில் யாரும் பேசாமல் போனதும்தான் எனக்கு மனசில் நிற்கிறது.

அந்தக் கேள்வியை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம், யூதர்களின் கண்ணைத் திரை மூடியிருக்கிறது என்றே சொல்லிக்கொடுத்தேன். தப்பு செய்தேன், தம்பி. அவர்கள் நன்றாக வாசித்துவிட்டுத்தான் மறுக்கிறார்கள்.

ஒரே வேதம் என்றாயே, அதிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. நம் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிகிறது. எலியா வருவான் என்ற வாக்கு. பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு. அவர்களுக்கும் அதே புத்தகங்கள்தான், ஆனால் வரிசை வேறு, கடைசியில் நாளாகமம். பெர்சிய ராஜா கோரேஸ் சிறைப்பட்ட ஜனத்தை எருசலேமுக்குப் போகச் சொல்வதோடு அவர்கள் வேதம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரவேண்டிய பாகம் ஒன்று குறைகிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏசாயா 7:14-ல் நாம் 'கன்னிகை' என்று வாசிப்பது எபிரெயத்தில் 'அல்மா', அதாவது இளம்பெண். 53-ம் அதிகாரத்துப் துன்பம் அனுபவிக்கும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று யூத வேத உரையாசிரியர் ராஷி 11-ம் நூற்றாண்டில் விளக்கம் எழுதியிருக்கிறார். இப்படி வசனத்துக்கு வசனம் வாதாடலாம். ஆனால் வேர் உபாகமம் 6:4-ல் இருக்கிறது. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." காலையும் மாலையும் சொல்வார்கள், சாகிற நேரத்திலும் சொல்வார்கள். தேவன் மனுஷனானார் என்பதில்தான் நம் சுவிசேஷத்துக்கு உயிர். ஒரு யூதன் ஒரு மனுஷனைத் தேவன் என்று வணங்கினால் பத்துக் கட்டளைகளில் முதலாவதையே மீறினவன் ஆகிறான். இந்த இரண்டையும் ஒருவன் ஒருசேரப் பிடித்திருக்க முடியாது.

மேசியா பற்றியும் அப்படித்தான். 1263-ல் பார்சிலோனாவில், அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னால் நக்மனிதேஸ் என்கிற யூத அறிஞரை வாதாட நிறுத்தினார்கள். எதிரே நின்ற பாப்லோ கிறிஸ்தியானி, யூதனாகப் பிறந்து கிறிஸ்தவத் துறவியானவர். ஏசாயா 2-ல் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்றிருக்கிறதே, இயேசுவின் நாள் தொடங்கி இன்றுவரை உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்துதானே கிடக்கிறது என்று நக்மனிதேஸ் கேட்டார். யுத்தம் கற்காமல் இருப்பது உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று ராஜாவிடமே சொன்னார். இரண்டாம் வருகையில் எல்லாம் நிறைவேறும் என்பது நம் பதில். அவர்களோ, நிறைவேறட்டும், அப்போது மேசியா என்று அழைப்போம் என்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

ராஜா நக்மனிதேஸுக்கு 300 காசு கொடுத்தனுப்பினார். ஆனாலும் சொந்த நாட்டில் இருக்கவிடவில்லை. எழுபது வயதுக்கு மேல், 1267-ல் எருசலேம் வந்து சேர்ந்தார். பழைய நகரத்தில் 'ராம்பான்' என்ற அவர் பெயரில் ஜெப ஆலயம் இருக்கிறது, போய்ப் பார்த்து வா.

பாவத்தைப் பற்றியும் எசேக்கியேல் 18-ஐ எடுத்து வாசி. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது. மனந்திரும்பினால் கர்த்தர் மன்னிப்பார், நடுவில் ஒருவர் வேண்டாம் என்று அவர்கள் நம்புவது அங்கேயிருந்துதான்.

அன்றைக்கு அவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்கிறாய். 1096-ல் ரைன் நதிக்கரை ஊர்களில் சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள் யூதர்களிடம் ஞானஸ்நானமா, சாவா என்று கேட்டார்கள். நீ அன்போடுதான் கேட்டாய், எனக்குத் தெரியும். அவர்கள் காதில் அந்தப் பழைய கேள்வியும் சேர்ந்து விழுந்திருக்கும்.

என் விசுவாசம் மாறவில்லை. இயேசுவே கர்த்தர் என்றுதான் சாவேன். உன் தோழனிடம் நீயும் ஒளிக்க வேண்டாம். எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பவும் வேண்டாம். ஆனால் மன்னிப்புக் கேள். மறுபடியும் கூப்பிட்டால் கட்டாயம் போ. அம்மா அனுப்பிய முறுக்கை எடுத்துப் போகாதே, அவர்கள் உணவுச் சட்டத்துக்கு ஒத்துவராது. பூ வாங்கி, சூரியன் மறைந்து அவர்கள் ஓய்வுநாள் தொடங்கும் முன்னே கொடுத்துவிடு.

அந்த அப்பா பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சொன்னது எண்ணாகமம் 6-ல் இருக்கிறது. நம் ஆராதனை முடிவில் போதகர் ஐயர் சொல்வதும் அதுதான். நானும் இங்கிருந்தே உனக்குச் சொல்கிறேன்: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.

உன் அப்பா