குயில்ட் தையலர் சங்கம், கோவை வட்டாரம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஊசியும் நூலுமாக வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டத்தில் கைவேலை கூடாது என்று போன வருடம் ஒரு தீர்மானம் வந்தது. அதை முன்மொழிந்தவரே பைண்டிங், அதாவது ஓரத்தை மூடும் பட்டை, தைத்துக்கொண்டிருந்ததால் கைவிட்டோம். ஆகவே தாராளமாகத் தையுங்கள், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: துணிகளை அடுக்கி, பெரும்பாலும் நடுவில் பஞ்சு வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் எல்லா இரண்டாம் சனிக்கிழமைகளிலும் நடந்தது, தீபாவளி மாதம் மட்டும் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. உறுப்பினர் பட்டியல் நோட்டில் முதன்முறையாக இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். மண்டபச் செலவைப் பற்றிக் கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

இனி கண்காட்சி. 2019 ஜனவரியில் சென்னையில் இந்திய குயில்ட் விழா முதன்முதலாக நடந்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாலைந்து பேர் ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம். “நாமளும் ஒண்ணு நடத்தணும்” என்று அன்றிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, ஊட்டிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கடந்த பிப்ரவரியில்தான் அது கைகூடியது.

முதல் நாள் காலை மண்டப வாசலில் இறங்கியதும் நான் பார்த்தது பேனர். ‘மாபெரும் குயில் கண்காட்சி’ என்று இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த ‘குயில்ட்’டைப் பிழை என்று நினைத்து அச்சகத்துத் தம்பி ‘ட்’டை எடுத்துவிட்டார். ஓரத்தில் ஒரு குயில் படத்தையும் சேர்த்திருந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. மாற்ற நேரமில்லை. அன்று மத்தியானம் வரை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் கூண்டு எங்கே என்று கேட்டார்கள். கழுத்தில் பைனாகுலரோடு வந்த பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், இரண்டு மணி நேரம் இருந்து, அறுகோணத் துண்டுகளைக் காகிதத்தின் மேல் மடித்துத் தைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு போனார்.

இதை வைத்துத்தான் ‘தமிழில் ஒரு பெயர் வேண்டும்’ என்ற பழைய விவாதம் மறுபடியும் கிளம்பியது. ஒட்டுப்போர்வை என்றால் கிழிந்ததைத் தைத்தது போல இருக்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். மெத்தைப்போர்வை என்றால் எடை நினைவுக்கு வருகிறது என்கிறார்கள் மறு சாரார். என் கட்சி மூன்றாவது. வங்காளத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அவர்கள் அதைக் கைவேலையின் பெயராக்கி உலகம் முழுக்க விற்கிறார்கள், நாம் கசக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டோம். ஆனால் ‘கந்தைக் கண்காட்சி’ என்று பேனர் வைக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டீர்கள் என்பது தெரியும். செயற்குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

மாட்டும் வேலை தனிக் கதை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று மண்டபத்தார் சொன்னது முந்தின நாள் மாலை நாலு மணிக்கு. பந்தல்காரருக்கு போன் போட்டு மூங்கில் சட்டம் கட்டச் சொன்னோம். குயில்ட்டின் பின்புறம் மேல்விளிம்பில் 4 அங்குல அகலத்தில் ஸ்லீவ், அதாவது கம்பு நுழைத்து மாட்டத் துணிக்குழல், வைக்கச் சொல்லியிருந்தோமல்லவா, அதற்குள் மூங்கில் நுழையவில்லை. கடைசியில் பிளம்பிங் கடையில் முக்கால் அங்குல பிவிசி குழாய் வாங்கி, ஸ்லீவுக்குள் விட்டு, குழாயை மூங்கிலோடு சணலால் கட்டினோம். ஸ்லீவே இல்லாமல் வந்தவை பன்னிரண்டு. இரவு பதினொன்றரை வரை மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து தைத்தோம். பந்தல்காரரின் பையன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஊசியை வாங்கி இரண்டு ஸ்லீவ் தைத்துக் கொடுத்தான். தையல் நம்மில் சிலருடையதைவிட நேராக இருந்தது. தேர்ச் சீலை தைக்கிற வீட்டுப் பிள்ளையாம்.

அந்த அறிமுகத்தில்தான் ஏப்ரலில் தஞ்சாவூர்ப் பயணம் அமைந்தது. தொங்கவிடும் துணிக்குழலான தொம்பை, வட்ட விசிறி போன்ற ஆலவட்டம், மேற்கட்டித் துணியான விதானம் என்று கோயிலுக்கும் தேருக்கும் செய்கிறவர்களின் வேலையை நேரில் பார்த்தோம். துணியின் மேல் துணி வெட்டி வைத்து யாளியும் தாமரையும் எழுப்புகிறார்கள். அப்ளிக் என்று பணம் கட்டி ஆன்லைனில் நாம் கற்றுக்கொள்வதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். போன இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் கும்பகோணம் வரை போய்ப் புடவை வாங்கியதால் பேருந்து இரண்டரை மணி நேரம் தாமதம். இது அறிக்கையில் இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டுக்கொண்டார்.

சங்கத்தின் கூட்டுக் குயில்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு பிளாக், அதாவது குயில்ட்டின் ஒரு கட்டம்: இரண்டரை அங்குலச் சதுரங்கள் 36, வரிசைக்கு ஆறு. கால் அங்குலம் தையலுக்கு விட்டால் பிளாக் பன்னிரண்டரை அங்குலம் வர வேண்டும். வந்தவற்றை மேசையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. பெரும்பாலானவை அரை அங்குலத்துக்கு மேல் குறைவு. ஒன்று சரியாகப் பத்து அங்குலம். அந்தப் பத்து அங்குலத்துக்குச் சொந்தக்காரர் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர், நம்மில் கை தேர்ந்தவர். தப்பு அங்கேதான். ஜாக்கெட்டுக்கு அரை அங்குலம் விட்டுப் பழகிய கை கால் அங்குலத்தில் நிற்கவில்லை. ஐந்து தையல், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் கால் அங்குலம் கூடுதல், போட்டுப் பாருங்கள், இரண்டரை அங்குலம் காணாமல் போகும். மற்றவர்கள் தையலுக்கு 1/16 அங்குலம் கூட விட்டவர்கள், அவ்வளவுதான். அதற்கே ஐந்து தையலில் 5/8 அங்குலம் போய்விடுகிறது. நம் பழைய கறுப்பு மெஷின்களில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரத்தைக் கால் அங்குலம் என்று நம்பியதால் வந்த வினை. இப்போது எல்லோரும் ஊசியிலிருந்து அளந்து மெஷின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம். சிறிய பிளாக்குகளுக்குச் சுற்றிப் பட்டை வைத்துச் சமப்படுத்தியதில் குயில்ட் கடைசியில் நன்றாகத்தான் வந்தது. பத்து அங்குலக்காரருக்கு அகலமான பட்டை, சிவப்பில். வந்தவர்கள் அதுதான் டிசைன் என்று நினைத்து அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டறைகளில் சாயம் பற்றியது ஒன்றே போதும். என் சொந்த அனுபவம்: சிவப்புச் சுங்குடிப் புடவையை வெள்ளை மல்லோடு சேர்த்துத் தைத்து, ஆசையாக முதல் தடவை நனைத்தேன். வெள்ளை எல்லாம் ரோஜா நிறம். உப்பு போடு, வினிகர் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், இரண்டும் போட்டேன், சமையல் வாசம் வந்ததுதான் மிச்சம். வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால், இறங்காத வரை துவைத்துக்கொண்டே இருங்கள், அல்லது அந்தத் துணியை விட்டுவிடுங்கள். பஞ்சு விஷயத்திலும் ஒரு சொல். இலவம்பஞ்சு மலிவு என்று உள்ளே வைக்கிறவர்கள், உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு தையலாவது ஓடவில்லையென்றால் துவைத்த பிறகு மூலையில் உருண்டை உருண்டையாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய சென்னிமலைப் போர்வையை நடு அடுக்காக வைத்துப் பார்த்தோம், அது அசையவில்லை.

இப்போது நான் வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் விண்ணப்பப் படிவத்தில் ‘புதிய பருத்தித் துணி, மூன்று அடுக்கு’ என்று ஒரு விதி இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து நான்தான் எழுதினேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சப்பையில் ஒரு விரிப்பைக் கொண்டுவந்தார். பழம்புடவைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத்தையலாகவே போயிருக்கிறார். பஞ்சு இல்லை, புதுத் துணி இல்லை. ஒரு மூலையில் தையல் பெரிதாகி, கொஞ்சம் தள்ளி மறுபடி சிறிதாகிறது. கேட்டேன். “அப்பத்தான் கண்ணுல பொறை எடுத்தாங்க கண்ணு, அதுக்கு முன்னால தெச்சது அப்படி” என்றார். எந்தப் பிரிவிலும் சேராது என்பதால் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். இரண்டு நாளும் கூட்டம் அங்கேதான் நின்றது. அதை அங்கே மாட்டியது என் தவறு. அந்த விதி நீக்கப்பட்டது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் இதே முறையில்தான், ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றித் தைத்துக் கவந்தி என்ற போர்வையைச் செய்கிறார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து முக்கோணமாக வைக்கிறார்கள், அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காவிட்டால் கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். ஜூலைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிய பிறகு நம்மில் பலர் பூ வைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

அந்தப் பாட்டியிடம் அட்டையில் எழுதப் பெயர் கேட்டபோது, “இதுக்கெல்லாம் பேரு எதுக்குங்க” என்றார். நம் உறுப்பினர்களும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கிறீர்கள். லேபிள் வைத்தால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கிறதாம். செப்டம்பர் கூட்டத்தில் ஹாரியட் பவர்ஸ் பற்றிப் பேசினோம், வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்த அவருடைய குயில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையில் காட்சிக்கு இருந்தது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில வருடம் கழித்துக் குடும்பத்தில் கஷ்டம் வந்தபோது பத்து டாலர் கேட்டார், ஐந்து டாலர்தான் கிடைத்தது. விற்ற பிறகும் தன் குயில்ட்டைப் பார்க்க வந்துபோயிருக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று அவர் சொன்னதை ஸ்மித் எழுதி வைத்தார். அந்தத் தாள் இருப்பதால்தான் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இன்று அது அவர் பெயரோடு இருக்கிறது. நமக்கு எழுதி வைக்க ஒரு ஸ்மித் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். பின்பக்கம், வலது கீழ் மூலை, பெயர், ஊர், வருடம், எதில் துவைப்பது. துணிப் பேனாவால் எழுதினால் மேலே இஸ்திரி போடுங்கள், இல்லாவிட்டால் நாலு துவைப்பில் போய்விடும். நூலால் எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த கண்காட்சிக்கு லேபிள் இல்லாத குயில்ட் எடுத்துக்கொள்ளப்படாது என்ற தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. பாட்டியின் விரிப்பில் பேத்தி ஏற்கெனவே தைத்துக் கொடுத்துவிட்டாள்.

நன்கொடை பற்றி: ஒரு இல்லத்துக்குக் கொடுத்த குழந்தைக் குயில்ட்டுகளில் பாலியஸ்டர் பஞ்சு வைத்தவை வெந்நீர்த் துவைப்பில் சுருண்டுவிட்டன. இனி பருத்தி மட்டும். மண்டபத்தார் இரவு மின்சாரத்துக்குத் தனியாகப் போட்ட பில் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு வேறு இடம் பார்க்கிறோம். ஆணி அடிக்க விடுகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, கண்காட்சி முடிந்து எல்லோரும் எடுத்துப் போன பிறகு ஒரு குயில்ட் மிஞ்சியது. ஒற்றைக் கட்டில் அளவு, நீலமும் வெந்தய நிறமும், நடுவில் சிவப்புச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைத்த லாக் கேபின் டிசைன், ஒரு இடத்தில் பழைய பள்ளிச் சீருடைத் துணி மாதிரி ஒரு கட்டம். ஸ்லீவ் நாங்கள் அன்று ராத்திரி தைத்தது. லேபிள் இல்லை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே காபி கொட்டியிருக்கிறது. எட்டு மாதமாக என் வீட்டு பீரோவில் நாப்தலின் உருண்டையோடு இருக்கிறது. இன்று கொண்டுவந்து வாசல் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். உங்களுடையது என்றால் அந்தச் சீருடை யாருடையது என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்