பயிலரங்கை ஆய்வகத்துக்கு மாற்றுங்கள்

தமிழ்த்துறை, கணினி அறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

மின்னிலக்கியமும் கணினியும் பற்றி இரு துறைகளும் சேர்ந்து பயிலரங்கு நடத்துவது மகிழ்ச்சி. நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும்தான் வருத்தம். தொடக்க விழா, சிறப்புரை, கட்டுரை வாசிப்பு, சான்றிதழ். காலையில் தமிழ்க்காரர்கள் பேச்சு, பிற்பகலில் கணினிக்காரர்கள் பேச்சு. இரு தரப்பும் சந்திப்பது சாப்பாட்டுப் பந்தியில் மட்டும்தான்.

ஒரு நாளையாவது ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஒரு கணினிக்கு ஒரு தமிழ் மாணவர், ஒரு கணினி மாணவர். முதல் வேலை எழுத்து எண்ணுவது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் என்ற நிரல்மொழியைக் கேட்டால் 5 என்கிறது. நமக்கு 3. கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் இருப்பதே காரணம். 'கொ' இன்னும் வேடிக்கை. கொம்பையும் (ெ) காலையும் (ா) ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குச் சீர்படுத்தாமல் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சொல்லடைவு (ஒரு நூலின் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்ற பட்டியல்) தயாரிக்க இறங்குபவர் இடறும் இடம் இது.

அப்புறம் முதல் குறளை அலகிட, அதாவது யாப்பு விதிப்படி அசைகளாகப் பிரிக்க, ஒரு கணினி நிரல் எழுதச் சொல்லுங்கள். நிரல் கடைசிச் சொல்லான 'உலகு' என்பதை நிரை, நேர் என்ற இரு அசைகளாகப் பிரித்து, அந்தச் சேர்க்கைக்குரிய வாய்பாட்டுப் பெயரான 'புளிமா' என்றுவிடும். இது குறளின் ஈற்றுச்சீர், குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரத்தில்) முடிகிறது, வாய்பாடு 'பிறப்பு' என்று தமிழ் மாணவர் மறுக்க வேண்டும். "சரி, குற்றியலுகரத்தை நிரலுக்கு எப்படிச் சொல்வது?" என்று கணினி மாணவர் கேட்பார். 'காசு' குற்றியலுகரம், தனிக்குறிலை அடுத்து வருவதால் 'பசு' முற்றியலுகரம் (குறுகாத உகரம்). நன்னூல் நூற்பாவை மனப்பாடமாகச் சொல்பவர்கூட, விதிவிதியாக எழுதிக்கொடுக்கும்போது திணறுவார். அந்தத் திணறலுக்குத்தான் பயிலரங்கே வேண்டும். (அலகிட 'அவலோகிதம்' மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், செய்த விடையைச் சரிபார்க்க உதவும்.)

சான்றிதழையும் செய்த வேலைக்குக் கொடுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்ந்தது. உங்கள் மாணவர்கள் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஆளுக்குச் சில பக்கம் மெய்ப்புப் பார்க்கலாம். எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) காலையும் (ா) ரகரத்தையும் குழப்பி வைத்திருக்கும் இடங்களைத் தமிழ் படித்த கண் சட்டென்று பிடித்துவிடும். எழுதிய நிரலையும் பூட்டி வைக்காமல் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள்.

ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பயிலரங்கு சனிக்கிழமை என்றால் அவர் விடுப்பில் இருப்பார்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவர்