மாட்டு உண்ணி மருந்தும் குதிரையின் குடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குதிரை வளர்ப்புக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் கோலிக் வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லும்போது தீனி, தண்ணீர், குடற்பூச்சி என்று மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். தோலில் தெளிக்கும் மருந்தாலும் குதிரையின் குடல் நின்றுபோகும். எங்கள் லாயத்திலேயே அது நடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வெருலம் ஊருக்கு வெளியே, கரும்புக் காட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நான்கு மாடு, ஒரு பெண்குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது, பதினான்கு வயது. போன கோடையில் மழை விட்டதும் உண்ணி மொய்த்துவிட்டது. காதுக்குள், வாலடியில், தொடையிடுக்கில் என்று ஓரிடம் பாக்கியில்லை. இந்த ஊரில் உண்ணியைச் சும்மா விட முடியாது, குதிரையின் இரத்தத்தைக் கெடுக்கும் பிலியரி காய்ச்சலைக் கொண்டுவருவது அதுதான். என் மகன் தீவனக் கடைக்குப் போய் உண்ணி மருந்து கேட்டான், ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். எந்தப் பிராணிக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் மாடுகளுக்குத் தெளித்த கையோடு குதிரைக்கும் தெளித்துவிட்டான்.

மாலையில் அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வெயில் என்று நினைத்தோம். ஞாயிறு விடியற்காலை போய்ப் பார்த்தால் போட்ட புல் போட்டபடி கிடக்கிறது, தரையில் ஓர் உருண்டை லத்தி இல்லை. முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வலது பக்கவயிற்றில் காதை வைத்தேன். நல்ல குதிரைக்கு அங்கே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையாவது, குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு சலசலப்பு கேட்கும். ஐந்து நிமிடம் காதை எடுக்காமல் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை.

வந்த டாக்டர் முதலில் கேட்டது, "மேலே என்ன போட்டீர்கள்?" என்பதுதான். பாட்டிலைக் காட்டினோம். அதில் இருந்தது அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து. உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், ஏனென்றால் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு தானாகக் காலியாக வேறு வழியில்லை. பிறகு அதே குழாயில் தண்ணீரும் பாரஃபின் எண்ணெயும் இறக்கினார், நரம்பில் உப்புநீர் ஏற்றினார். குதிரையை அடக்க வழக்கமாகப் போடும் சைலசின் ஊசியை மட்டும் போடவில்லை. அதுவும் அமிட்ராஸும் ஒரே வழியில் வேலை செய்பவை என்றார்.

குடல் என்றால் தீனி போகிற குழாய் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். குதிரையின் சிறுகுடல் மட்டுமே இருபது மீட்டருக்கு மேல். அதன் சுவரில் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நரம்பு வலை ஓடுகிறது, உள்தோலுக்கு அடியில் இன்னொன்று. மூளை சொல்லாமலே தீனியைத் தள்ளிக்கொண்டு போவது இந்த வலைகள்தான். சரி, தீனி வந்துவிட்டது என்று வலைக்கு யார் சொல்கிறார்கள்? உள்தோலில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. கூட்டமாக இல்லை, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக. தீனி உரசிக்கொண்டு போகும்போது அவற்றில் ஒரு வகை செரடோனின் என்ற செய்திப்பொருளை விடுகிறது. உடம்பில் உள்ள செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. அது நரம்பைத் தொட்டதும், தீனிக்குப் பின்னால் உள்ள தசை சுருங்கும், முன்னால் உள்ளது தளரும். லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1899-இல் நாயின் குடலில் இந்த ஒழுங்கைக் காட்டினார்கள். 1902-இல் அவர்களே நரம்பை அறுத்துவிட்ட குடல் துண்டில் அமிலத்தை விட்டபோதும் கணையம் சுரந்தது. இரத்தத்தின் வழியே செய்தி போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1905-இல் வந்தது. இன்று நம்மவர் பலர் சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் புதிய ஊசிகளும், இதே மாதிரிக் குடல் செல்கள் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் பார்த்துச் செய்தவைதான்.

அமிட்ராஸ் செய்வது என்ன? ஆபத்து வந்து ஓட வேண்டிய நேரத்தில் உடம்பு நோரட்ரினலினை விட்டுக் குடல் நரம்புகளை அடக்கி வைக்கிறது. ஓடும்போது செரிமானம் எதற்கு? அமிட்ராஸ் அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. உள்தோல் செல்கள் எவ்வளவு சொன்னாலும் நரம்பு அசையாது, தசை சுருங்காது. குதிரையின் பெருங்குடல் இயல்பாகவே இடுப்புப் பக்கம் மடங்குகிற இடத்தில் சட்டென்று குறுகலாகிவிடும். நின்றுபோன தீனி அங்கே காய்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். மாட்டுக்குப் பழுதில்லாத மருந்து குதிரையைக் கொல்வது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணெய் பூசிய மாதிரி நான்கு உருண்டை லத்தி போட்டது. என் மகன் லாயத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். பாவம், மூன்று இரவும் அவன் தூங்கவில்லை.

உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் மாடும் குதிரையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன்: அடுத்த இதழில் பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இதைப் போடுங்கள். பாட்டிலின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், அமிட்ராஸ் என்று இருந்தால் குதிரையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், குதிரைக்கென்று எழுதியிருக்கும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். தவறித் தெளித்துவிட்டால் காத்திருக்காமல் கழுவிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தீவனக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "எந்தப் பிராணிக்கு?" என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் போய் அதன் வலது பக்கத்தில் காதை வைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெருலம், குவாசூலு-நேட்டால்