காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் 27 வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், சீலிங் ஃபேன், மிக்ஸி என்று எரிந்துபோனதெல்லாம் என் மேசைக்கு வரும். சொல்லப்போனால் உப்புக்காற்றுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதே காற்று பள்ளிக்கூட ஆய்வகத்துக்குள்ளும் புகுந்திருப்பது என் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

அவள் பிளஸ் டூ. மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தி, பரீட்சையும் முடிந்துவிட்டது. சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் முள் அசையும் என்று படம் போட்டு மார்க்கும் வாங்கிவிட்டாள். "அசைஞ்சதப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் துருவேறி ஒட்டிக் கிடக்கிறதாம். லாட காந்தம் குண்டூசியைக்கூடத் தூக்காதாம். முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு வைக்காமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் வேறென்ன ஆகும்?

வீட்டிலேயே செய்து பார்க்கட்டும் என்று முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு சாண் துண்டும், ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் கம்பியும் கொடுத்தேன். மதுரையில் வாங்கிய நியோடிமியம் பொத்தான் காந்தம் நாலு, சிவப்பு எல்இடி இரண்டு. முந்நூறு சுற்று சுற்றிவிட்டு, காந்தத்தை உள்ளே விட்டு ஆட்டினாள்.

"அத்தா, ஒண்ணுமே வரல."

எப்படி வரும்? கம்பி முனையில் கரண்டை மறிக்கும் வார்னிஷைச் சுரண்டவே இல்லை. செம்பு பளிச்சென்று தெரியும்வரை பிளேடால் சுரண்ட வைத்தேன். அப்போதும் எரியவில்லை. சுற்றைக் கூட்டிக்கொண்டே போய், 1,200 சுற்றில் வேகமாக ஆட்டியபோது மினுக்கென்றது. காந்தம் உள்ளே போகும்போது ஒரு எல்இடி, வெளியே வரும்போது மற்றது. ஆட்டுவதை நிறுத்தினால் இருட்டு. ஒன்றுக்கொன்று தலைகீழாக இரண்டையும் இணைத்தது அவள் யோசனை. "கரண்ட் திசை மாறுதுல்லத்தா, லென்ஸ் விதி" என்றாள். காந்தத்தின் அசைவை எதிர்க்கும் திசையில்தான் கரண்ட் பாயும் என்பதாம் அது. காயில் கட்டியே காலம் போன எனக்கு அந்தப் பெயர் புதுசு.

ஏசி மெக்கானிக் விட்டுப்போன செம்புக் குழாய்த் துண்டிலும் அதே காந்தத்தைப் போட்டோம். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனால் பொத்தென்று விழவேண்டியது, தேனுக்குள் இறங்குவதுபோல் மெல்ல இறங்கியது. காந்தம் நகர நகர, குழாய்ச் சுவரில் மின்னோட்டம் சுழன்று அதைத் தடுக்கிறது. கடைக்கு வந்திருந்த வள்ளக்காரர் நம்பவில்லை. உள்ளே பசை தடவியிருக்கிறோமா என்று விரலை விட்டுத் துழாவினார்.

1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஃபாரடே, சிறுவயதில் புத்தக பைண்டிங் பழகியவர். வார்னிஷ் கம்பி இல்லாத காலம். நூலும் துணியும் கொடுத்துச் சுற்றுக்குச் சுற்று பிரித்துக் கட்டியிருக்கிறார். அதில் விரல் படும் பாடு எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியர்கள் புதுக் கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பீரியடைக் கம்பி சுற்றுவதற்கே விடுங்கள். எரிந்த மோட்டார் கம்பி மட்டும் ஆகாது, வார்னிஷ் பொரிந்து ஷார்ட் ஆகிவிடும். ஸ்பூலில் கடைசியாக மிஞ்சும் புதுக் கம்பி எல்லா வைண்டிங் கடையிலும் கிடக்கும். எடைக்குப் போட்டால் காசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது கிராமில் கடை மூழ்கிவிடாது. நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். காந்தம் மட்டும் கொண்டுவந்தால் போதும். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
வைண்டிங் கடைக்காரர், மண்டபம்