ரான் பால், போக்கர், உன் பணம்

அன்புள்ள கண்ணு,

ஆன்லைன் போக்கரில் அரசு தலையிடக் கூடாது என்று, அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த ரான் பாலின் பேரைச் சொல்லி போன வாரம் போனில் நீ வாதாடினாய். அப்பா நடுவில் வந்துவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. எனக்கு அதை விட மனசில்லை, அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒருத்தர் தன் காசை வைத்து ஆன்லைனில் போக்கர் சீட்டு ஆடினால் அதில் வாஷிங்டனில் இருக்கிற அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பதுதான் அவர் கேள்வி, நான் நினைத்ததைவிட அதில் நியாயம் நிறைய இருக்கிறது.

2006-ல் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவின் வாலில் இணையச் சூதாட்டத் தடையைக் கட்டி நிறைவேற்றினார்கள், அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டம் ஆடுகிறவரைப் பிடிக்கவில்லை, பணம் போகிற வழியை அடைத்தது. எது சூதாட்டப் பணம் என்று கண்டுபிடித்து நிறுத்துவது வங்கிகளின் தலையில் விழுந்தது. சர்வீஸ் முழுக்க வங்கியில் இருந்தவள் நான், சொல்கிறேன், எது சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்லாமல் கிளர்க்கைப் போலீஸ் வேலை பார்க்கச் சொன்னால் அவர் பயந்துபோய் எல்லாவற்றையும்தான் நிறுத்துவார். இதில் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு வேறு! அந்த விதிகள் அமலுக்கு வராமல் தடுக்க 2008-ல் ரான் பாலும் பார்னி ஃபிராங்கும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ரான் பால் அரசாங்கமே சுருங்க வேண்டும் என்கிற டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்காரர், ஃபிராங்க் மாசசூசெட்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. மசோதா தேறவில்லை.

அப்புறம் 2014. லாஸ் வேகஸ் காசினோ முதலாளி ஷெல்டன் அடெல்சன், குடியரசுக் கட்சிக்குப் பணத்தைக் கொட்டியவர், இணையச் சூதாட்டத்தை நாடு முழுக்கத் தடைசெய்யச் சொல்லி நின்றார். ஒரு பணக்காரரின் போட்டியை ஒழித்துக்கொடுக்கவா சட்டம், தடையை அமல்படுத்த மக்கள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று அரசு எட்டிப் பார்க்க வேண்டிவருமே என்று ரான் பால் தன் கட்சிக்காரர்களையே எதிர்த்து எழுதினார். அந்த இடத்தில் நானும் அவர் பக்கம்தான்.

ஆனால் ஃபுல் டில்ட் என்கிற போக்கர் தளத்தில் நடந்ததை நீ படித்திருக்கிறாயா? 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் என்ற மூன்று தளங்களையும் முடக்கியது. போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருந்ததால் சீக்கிரமே திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ 6 கோடிதான். மீதியை முதலாளிகளும் மற்றவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது அரசு வைத்த குற்றச்சாட்டு. திரையில் பார்த்த பேலன்ஸ் வெறும் எண்ணாகப் போனது, கண்ணு. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை கைக்கு வந்தது 2014 பிப்ரவரியில்தான், அதுவும் அரசாங்கம் வழியாக. அதற்கு முன்பே அப்சல்யூட் போக்கரில், மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்க்கும் வசதியோடு ஒரு கணக்கு ஆடியது 2007-ல் வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அதிகாரிகள் இல்லை, தோற்ற ஆட்டக்காரர்கள்தான், ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவையும் அலசிப் பார்த்து.

தடை போட்டதால்தான் இதெல்லாம் கடல் கடந்து போனது என்பாய். அதில் உண்மை உண்டு. ஆனால் தடையை எடுத்துவிட்டால் மட்டும் அந்த 39 கோடி பத்திரமாக இருந்திருக்குமா? நியூ ஜெர்சி 2013-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியபோது, ஆடுகிறவர் பணத்தை கம்பெனி தன் செலவுப் பணத்தோடு கலக்கக் கூடாது, தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதி வைத்தது. ஆடுகிறவர் கையைப் பிடிக்காமல் கம்பெனியின் கணக்கைப் பிடிக்கிற இந்த மாதிரிக் கட்டுப்பாடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இதையும் சுதந்திரத்தில் கை வைப்பது என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டை மத்திய அரசு மொத்தமாகத் தடைசெய்தபோது நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ரம்மிக் கடனில் உயிரை விட்டவர்களின் செய்தியைப் படித்துப் படித்து நொந்துபோயிருந்தேன். இந்தத் தடையும் ஆட்டத்தை வெளிநாட்டுத் தளங்களுக்குத்தான் தள்ளுமோ என்ற கவலை அப்புறம்தான் வந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் ஆன்லைன் போக்கருக்கு உரிமம் கொடுக்கிற ஏற்பாடே கிடையாது. அப்படியென்றால் ஹூஸ்டனில் உட்கார்ந்து நீ ஆடுகிற தளம், பிட்காயினில் பணம் வாங்குகிற அந்தத் தளம், யாருக்குக் கணக்குக் காட்டுகிறது? ஆடாதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் முப்பது வயசுப் பிள்ளை கேட்கப்போவதில்லை. அங்கே போட்டு வைத்திருக்கிற பணம் முழுவதையும் இந்த வாரமே வெளியே எடுக்கக் கொடு. எத்தனை நாளில் வந்தது, முழுசாக வந்ததா, என்ன காரணம் சொல்லி இழுத்தார்கள் என்று எனக்கு எழுது. வந்த பிறகு ரான் பாலைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

அன்புடன்,
அம்மா