எங்கள் மேட்டைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த வருட மழை ஓய்ந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு அசையாமல் நிற்கிறது. நன்றி சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் அதில் ஒரு பகுதி சரிந்தபோது, "பேய்மழை, யார் என்ன செய்ய முடியும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னவன் நான். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மேட்டின் அடியைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியவனும் நான்தான். வெட்டிய மண்ணை எங்கே கொட்டினேன்? அதே மேட்டின் உச்சியில். தாங்குகிற காலை வெட்டிவிட்டு, தலையில் மூட்டையும் ஏற்றியிருக்கிறேன்.

முதல் நன்றி மேல்வீட்டு அக்காவுக்கு. துணி காயப்போடும் கம்பம் சாய்கிறதே என்று சந்தேகப்பட்டு, புல்லை விலக்கிப் பிறை வடிவ விரிசலைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நான் அதில் சிமெண்ட் கரைத்து ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா விரிசலின் இரு பக்கமும் இரண்டு முளைக்குச்சி அடித்து, தினமும் காலையில் டேப்பு வைத்து அளந்து, காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தார். அந்த எண்கள் ஏறுவதைப் பார்த்துத்தான் சரிவதற்கு முந்தின நாளே எல்லோரும் வீட்டைக் காலி செய்தோம். இந்த மடலை எழுத நான் இருப்பதே அதனால்தான்.

அப்புறம் பொறியாளர் ஐயா. வந்ததும் மேட்டைப் பார்க்கவில்லை, "இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?" என்று கேட்டார். மண் நனைந்து கனம் கூடுவதால்தான் சரிகிறது என்று நினைத்திருந்தேன். கனம் பாதிக் கதைதான் என்றார். மண் துகள்களின் இடுக்கில் தண்ணீர் நிரம்பி அழுத்தும்போது, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. நான் ஆசையாகக் கட்டிய தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. அது தொந்தி போட்டு நின்றதற்குக் காரணம் அதுதான்.

உச்சியில் கொட்டிய மண்ணைப் பற்றி நான் வாதாடியபோது, ஐயா ஆபர்ஃபான் கதையைச் சொன்னார். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர். நீரூற்றின் மேலேயே மலையாகக் குவித்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு, 1966 அக்டோபர் 21 அன்று காலை பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ராத்திரி தெருவே குழாய்களை மூடிவிட்டு எனக்காகக் காத்திருந்ததே, அதை மறக்க மாட்டேன். எல்லா வீட்டிலும் தண்ணீர் நிறுத்திய பிறகும், டார்ச் வெளிச்சத்தில் பொது மீட்டரின் சின்னச் சிவப்பு முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மழையே இல்லாத நாளில் மேட்டுக்குள் யாரோ தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி! நான் கொட்டிய மண்ணின் பாரத்தில் புதைந்த குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. உச்சியிலிருந்த உறிஞ்சு குழியை முகம் சுளிக்காமல் மூடி, கழிவுநீரைக் குழாய் வழியாகக் கீழே கொண்டுபோகச் சம்மதித்த குடும்பத்துக்கும் என் வணக்கம்.

ஜேசிபி ஓட்டிய தம்பிக்குத் தனி நன்றி. சரிந்து கிடந்த மண்ணை அன்றைக்கே அள்ளச் சொல்லிக் கத்தினேன். "சார், இப்போ மேலே இருக்கிறதைப் பிடிச்சிட்டிருக்கிறதே இந்தக் குவியல்தான்" என்று சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னபடியே முதலில் உச்சி மண்ணைக் குறைத்தோம், விரிசலில் களிமண் இடித்துத் தார்ப்பாய் போர்த்தினோம், மேலே குறுக்கு வடிகால் வெட்டினோம். அடியில் கை வைத்தது அதற்கப்புறம்தான்.

கொத்தனார் அண்ணனும் அவருடைய ஆட்களும் சரிவுக்குள் துளை போட்டு, வடிதுணி சுற்றிய துளைக் குழாய்களை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் செருகினார்கள். முதலில் செம்மண் கலங்கலாக வந்தது. தொடர்ந்து கலங்கலாகவே வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தமாம். மூன்றாம் நாள் தெளிந்தது. அண்ணன் ஒரு சொட்டைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார். பழைய சுவரை எடுத்துவிட்டு, கம்பிவலைக் கூடைகளில் கருங்கல் அடுக்கினார்கள். அந்தச் சுவர் முழுக்கவே துளைதான்.

வெட்டிவேர் நட்ட பிள்ளைகளை விட்டுவிட முடியாது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரிசை வரிசையாக நட்டார்கள். நல்ல மண்ணில் அதன் வேர் மூன்று நான்கு மீட்டர் ஆழம்கூட இறங்கும். அதற்கும் கீழே வழுக்கினால் புல்லால் ஒன்றும் ஆகாது என்று ஐயா எச்சரித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன், நாற்று வாங்கி நட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

குறுக்கு வடிகாலில் இலை அடைக்கிறது. மாதம் ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறோம். இந்த மாதம் எங்கள் முறை. மண்வெட்டி என்னிடம்தான் இருக்கிறது. காலண்டரும் டேப்பும் அக்காவிடம்.

நன்றியுடன்,
கீழ்வீட்டுக்காரன்