நாள் தள்ளும் முன்னே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். மார்பு கனத்து வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் கண் சொக்குகிறது, ஆபீஸ் கேண்டீனில் தாளிக்கிற வாசனை பிடிக்கவில்லை, அடிவயிற்றில் அவ்வப்போது சுருக்கென்கிறது, "அம்மா, இது அதுதானா?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். வராவிட்டால் இங்கே உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, புனேயில் நீ பார்க்கிற டாக்டருக்கும் இன்றைக்குத் தெரியாது. பீரியட்ஸ் வர வேண்டிய தேதி அடுத்த வியாழக்கிழமை என்கிறாய். அதுவரைக்கும் உடம்பு சொல்வதை ஆம் என்றும் எடுக்காதே, இல்லை என்றும் எடுக்காதே.

ஏனென்று கேட்பாய், நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முட்டை வெளியே வந்த பிறகு, சினைப்பையில் அது இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சின்னத் திரட்சி உண்டாகும். கார்ப்பஸ் லூட்டியம் என்பார்கள். அதன் வேலை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பது. மார்பு வலி, தூக்கம், வயிறு உப்புசம், மலச்சிக்கல், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறுவது, காரணமில்லாமல் அழுகை எல்லாம் அந்த புரோஜெஸ்டிரோன் கைவரிசை. கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் அது ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இரண்டு வாரம் சுரந்துகொண்டுதான் இருக்கும். போன மாதமும் இதே வலி உனக்கு இருந்திருக்கும். நீ அப்போது காத்துக்கொண்டிருக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை.

இன்னொரு பக்கம் கருவின் கணக்கைப் பார். வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். இரண்டும் சேருவது கருக்குழாயில். அங்கிருந்து பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டே கர்ப்பப்பைக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். வந்தும் உடனே ஒட்டாது. ஒட்டிப் பதிந்த பிறகுதான் ஹெச்சிஜி என்ற ஹார்மோன் உன் ரத்தத்தில் கலக்கத் தொடங்கும். நாம் சிறுநீரிலும் ரத்தத்திலும் தேடுவது அதைத்தான். நீ சொன்ன தேதிப்படி முட்டை வெளியே வந்து ஆறேழு நாள்தான் ஆகிறது. கரு இருந்தாலும் அது அநேகமாக இன்னும் ஒட்டியிருக்காது. அப்படியிருக்க, கேண்டீன் தாளிப்பு பிடிக்காமல் போனதற்கு அந்தப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்? கேண்டீன் எண்ணெயைக் கேள்.

இதெல்லாம் உன் அம்மா கற்பனையாகச் சொல்வதில்லை. என்னைப் போன்ற லேப் டெக்னீஷியன்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஆராய்ச்சி உண்டு. 1980களில் அமெரிக்காவில் வட கரோலினாவில், பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த பெண்களிடம் தினமும் காலைச் சிறுநீரைச் சேகரித்தார்கள். அதோடு தினமும் குறிப்பு எழுதச் சொன்னார்கள். வில்காக்ஸ் என்பவரும் உடன் இருந்தவர்களும் செய்தது. எத்தனை பாட்டில், எத்தனை லேபிள், எத்தனை ஃப்ரீசர் என்று யோசித்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் பலன் பெரியது. நிலைத்த கர்ப்பங்களில் கரு ஒட்டியது முட்டை வெளிவந்த 6-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாளுக்குள். அதிலும் 84 சதவீதம் பேருக்கு 8, 9, 10-ஆம் நாட்களில். 1999-ல் இதை வெளியிட்டார்கள். அதே பெண்களின் குறிப்புகளை வைத்துப் பிறகு இன்னொன்றும் பார்த்தார்கள்: கர்ப்பத்தின் அறிகுறி எப்போது தொடங்குகிறது? பாதிப் பேருக்கு, கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 36-ஆம் நாள் வாக்கில். அதாவது நாள் தள்ளி ஒரு வாரம் ஆன பிறகு. 8 வாரம் முடிவதற்குள் 89 சதவீதம் பேருக்கு வந்துவிட்டது. மசக்கை என்று ஊரே பேசுகிற அந்த வாந்தியும் குமட்டலும் பெரும்பாலும் 6-ஆம் வாரத்தை ஒட்டித்தான். இப்போதே புளிப்பு மாங்காய் கேட்கிறது நாக்கு என்றால், சீசன் அப்படி.

நெட்டில் படித்துவிட்டு, கரு ஒட்டும்போது ரத்தம் படும் என்கிறார்களே, எனக்குப் படவில்லையே என்று வருத்தப்படுகிறாய். அதற்கும் அந்தப் பெண்களின் குறிப்பிலேயே பதில் இருக்கிறது. கர்ப்பமான 151 பேரில் முதல் 8 வாரத்துக்குள் ரத்தம் பட்டது 14 பேருக்குத்தான். அதுவும் கரு ஒட்டிய நாளில் பட்டது அபூர்வம், பீரியட்ஸ் வர வேண்டிய நாளை ஒட்டித்தான் பெரும்பாலும். அந்த 14 பேரில் 12 பேருக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. ஆக, படாவிட்டால் கவலையில்லை, லேசாகப் பட்டாலும் உடனே உட்கார்ந்து அழ வேண்டாம்.

உன் ஆபீஸ் தோழிக்கு, கர்ப்பம் பார்க்கிற கிட்டில் ஐந்தாம் நாளே கோடு விழுந்தது என்றாயே, அவள் சிகிச்சையில் இருப்பதாகவும் நீதான் சொன்னாய். முட்டை வெடிப்பதற்காக ஊசி போட்டிருப்பார்கள். அந்த ஊசி மருந்தே பெரும்பாலும் ஹெச்சிஜிதான். பத்து நாளுக்கு மேல்கூட அது உடம்பில் நிற்கும். கிட் அந்த ஊசியைத்தான் காட்டியிருக்கும். பாவம், அவளிடம் நீ போய் இதைச் சொல்லாதே. அவள் டாக்டர் சொல்லட்டும்.

இப்போது கிட் பற்றி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லேபில் கிராவிண்டெக்ஸ் என்று ஒரு ஸ்லைடு டெஸ்ட் இருந்தது. கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுச் சிறுநீர், ஒரு சொட்டு மருந்து, அதன்மேல் வெள்ளையாக லேடக்ஸ். இரண்டு நிமிஷம் தட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். பால் திரிந்தது போலத் துகள் துகளாக வந்தால் கர்ப்பம் இல்லை, திரியாமல் இருந்தால் கர்ப்பம். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாம் இதைத் தலைகீழாகத்தான் முதலில் புரிந்துகொள்வார்கள். அதற்கு ஹெச்சிஜி நிறைய வேண்டும். நாள் தள்ளிப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வா என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்புவார். அதற்கும் முந்தின தலைமுறையில் பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போட்டு, அது முட்டையிடுகிறதா என்று பார்த்தார்கள். ஆப்பிரிக்கத் தவளை, ஹாக்பென் டெஸ்ட் என்று பாடத்தில் படித்தோம். நாடி பிடித்துச் சொல்வேன், கண்ணைப் பார்த்துச் சொல்வேன் என்பாள் உன் ஆச்சி. ஆனால் அவளும் இரண்டு மாசம் தள்ளாமல் வாயைத் திறக்க மாட்டாள்.

இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற கிட், அந்தக் காலத்து ஸ்லைடைவிட ஏறக்குறைய 100 மடங்கு குறைந்த ஹார்மோனையே கண்டுபிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் அதுவே தொல்லையும். வியாழனுக்கு முன்பே எடுத்து, ஒரு கோடுதான் வந்தது என்று வைத்துக்கொள். கரு இல்லை என்று அர்த்தமில்லை, ஹார்மோன் போதவில்லை என்றும் இருக்கலாம். நீ ஒரு நாள் முழுக்க முகம் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பாய். இரண்டு கோடு வந்தது என்று வைத்துக்கொள். அப்போதும் சிக்கல் உண்டு. வில்காக்ஸ் குழு பார்த்த கர்ப்பங்களில் 22 சதவீதம், வெளியே தெரியும் முன்பே கலைந்துவிட்டது. அந்தப் பெண்களில் பலருக்கு அது ஒரு சாதாரண பீரியட்ஸாகத்தான் போயிருக்கும். அம்மா, பாட்டி காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் போனது, ஒருத்திக்கும் தெரியாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வதைபட வேண்டுமா என்பது உன் இஷ்டம். என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை எடு. முதல் சிறுநீர், டிராப்பரில் மூன்று சொட்டு, அல்லது அட்டையில் எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனை. அட்டையில் சொன்ன நிமிஷத்துக்குள் பார்த்துவிடு. கிட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டுகிற சி கோடு வராவிட்டால் அந்தக் கிட் கெட்டது, தூக்கிப் போடு. கர்ப்பத்தைக் காட்டுகிற டி கோடு மங்கலாக இருந்தாலும் நேரத்துக்குள் நிறத்தோடு வந்திருந்தால் அது கோடுதான். குப்பைத்தொட்டியிலிருந்து மத்தியானம் எடுத்துப் பார்த்து, ஏதோ நிழல் தெரிகிறது என்று எனக்கு போட்டோ அனுப்பாதே. காய்ந்த பிறகு வருகிற கோடு கணக்கில் வராது. ஒரு கோடுதான், பீரியட்ஸும் வரவில்லை என்றால் மூன்று நாள் விட்டு மறுபடி. சந்தேகமிருந்தால் ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி பார்ப்பார்கள். ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதே. இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டு கோடு வந்தால் அன்றைக்கு டாக்டர் "4 வாரம்" என்பார். மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணிக் குழம்புவார், அவரிடம் சொல்லிவை. கணக்கு கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து, கரு உண்டான நாளிலிருந்து இல்லை. உடனே ஸ்கேனுக்கும் ஓட வேண்டாம். இதயத் துடிப்பு தெரிய 6 வாரம் தாண்ட வேண்டும், அதற்கு முன் போனால் வீண் பயம்தான் மிச்சம்.

காத்திருக்கிற இந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, ஃபோலிக் ஆசிட். தினம் 400 மைக்ரோகிராம். டாக்டர் எழுதிக் கொடுத்து டப்பா பிரிக்காமல் கிடக்கிறது என்று போன மாதம் சொன்னாய், பிரி. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அதாவது நாள் தள்ளி இரண்டே வாரத்தில். கிட்டைப் பார்த்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, டாக்டரைப் பார்த்து மாத்திரை தொடங்கினால் பாதி வேலை அதற்குள் முடிந்திருக்கும். அப்புறம் தலைவலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் என்று கடையில் வாங்கிப் போடாதே. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் முன்கூட்டியே சொல்லு. ஆபீஸ் பார்ட்டியில் ஒயின் வேண்டாம். குடிப்பாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். காபி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போதும். பழுத்த பப்பாளிக்குப் பயப்படாதே, காயைத்தான் நம் வீட்டில் ஒதுக்குவோம், பால் இருப்பதால். மாடிப்படி ஏறு, நட, வழக்கமான வேலையைச் செய். படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதில் ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. கிட்டில் இரண்டு கோடு வந்த பிறகு, அடிவயிற்றில் ஒரே பக்கமாக விடாத வலி, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் அர்த்த ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டால் அப்படி வரும். அது காத்திருக்கிற விஷயம் இல்லை. மாப்பிள்ளைக்கும் இந்த ஒரு பத்தியை மட்டும் அனுப்பிவிடு.

உன் அத்தையிடம் எப்போது சொல்லலாம் என்று கேட்டாய். மூன்று மாசம் முடியட்டும் என்பது ஊர் வழக்கம். ஆனால் அவர் நல்ல மனுஷி, வாந்தி தொடங்கினால் பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்கப்போவதும் அவர்தான், நான் இல்லை. டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு சொல்லிவிடு. நீயே உன் வாயால் சொல்லு. சம்பந்தியம்மாவுக்கு என்னிடமிருந்து சேதி போனதாக இருக்கக் கூடாது. அப்பாவிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன், எதுவானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா